கியர் பொக்ஸைத் திறக்க விடாத யோகன்

யோகனின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தபோது காலை பத்தரை மணி. ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவன். எடுத்தவுடனே, "இண்டைக்கு என்ன சாட்டு?" என்று கேட்டேன். பேசியது அவன் மனைவி வசந்தி. விடியற்காலையில் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும், வழியிலேயே உயிர் போய்விட்டதாகவும் சொன்னார். என் கேள்வி போயும் போயும் அவர் காதில் விழுந்திருக்கிறது. இதை எழுதும்போதும் என்மேல் எனக்கு எரிச்சல்தான்.

ஆரையம்பதியில் அவனுடைய கராஜுக்குப் போன உங்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். வேலை சுத்தமாக இருக்கும், சொன்ன நாளில் மட்டும் முடியாது. கேட்டால், "அவசரமெண்டா பஸ்ஸில போ" என்பான். போட்டிகளுக்கு நான் ஓட்டும் பழைய காரை அவன்தான் பார்த்துவந்தான். இருவருக்கும் ஒரே வயது. அதனால் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதில்லை.

பெரிய சண்டை பிளைவீலால் வந்தது. என்ஜினின் பின்பக்கம் சுழலும் அந்த இரும்புத் தட்டு பாரமாக இருந்தால் என்ஜின் நிதானமாக ஓடும். லேசாக இருந்தால் மிதித்தவுடன் சீறும். எனக்குச் சீற வேண்டும். அவன் பாரமானதே போதும் என்றான். "போட்டி வருசத்தில ரெண்டு நாள். மிச்ச நாளெல்லாம் நீ கல்லடிப் பாலத்தில ஊர்ந்துதானே போறாய்?" என்று கேட்டான். நான் விடவில்லை. பழைய பிளைவீல் ஒன்றை வாங்கி, லேத்தில் கொடுத்து, பாதிப் பாரம் போகக் கடைந்து, அவன் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு கிழமை அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, பூட்டியாயிற்று, வந்து எடு என்றான்.

அதன்பின் இரண்டு வருடம் நான் அடித்த பெருமைக்கு அளவில்லை. மண்டூர்ப் பக்கம் வயல் வட்டைக்கு நடுவால் போகும் வீதியில் அவனையே ஏற்றிக்கொண்டுபோய், மிதித்துக் காட்டி, லேசான பிளைவீலின் அருமையை விளக்கினேன். "ஓம், ஒனக்குத் தெரியாததா" என்றான்.

பிறகு கிளச் வழுக்கத் தொடங்கியது. அதை மாற்றுவதென்றால் கியர் பொக்ஸைக் கழற்ற வேண்டும். மூன்று மாதமாக அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்றே சொன்னான். வேறு கராஜுக்குப் போகவா என்று கேட்டால் கோபம் வரும். அன்று காலை அவன் வரவேண்டியிருந்ததும் இந்த வேலைக்குத்தான்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தபின் வேறொரு மெக்கானிக் கியர் பொக்ஸைக் கழற்றினார். உள்ளே இருந்தது பழைய, பாரமான பிளைவீல். யோகன் மாற்றவே இல்லை. கார்பரேட்டரை மட்டும் அருமையாகச் சரிசெய்து வைத்திருக்கிறான். அந்தச் சீற்றத்தைத்தான் நான் ஊரெல்லாம் பிளைவீல் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். செத்தவன்மேல் அவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

விசயத்தைச் சொன்னதும் வசந்தி உள்ளே போய், அரிசிச் சாக்கில் சுற்றிய ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தார். நான் கடைந்து கொடுத்த அதே பிளைவீல். நடுவில், ஆணித் துளைக்குப் பக்கத்தில், மயிரிழை அளவு ஒரு வெடிப்பு. அதைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம். வேகத்தில் அது சிதறியிருந்தால் காரின் தகட்டைக் கிழித்துக்கொண்டு என் காலுக்குத்தான் வந்திருக்கும்.

"வெடிப்பு இரிக்கெண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீங்க இன்னொண்டு கடைஞ்சு கொண்டு வருவீங்களாம் அண்ணன்" என்றார் வசந்தி.

உண்மைதான். கடைந்துகொண்டு வந்திருப்பேன். அவனோடு பிடிக்கவேண்டிய சண்டை முழுவதும் அப்படியே என்னிடம் கிடக்கிறது, பிடிக்க ஆளில்லை. வெடித்த பிளைவீல் இப்போது என் வீட்டில் இருக்கிறது. சுண்ணக்கட்டி வட்டம் அழிந்துவிடும் என்று நான் அதைத் துடைப்பதில்லை.

காரில் பாரமானதையே திரும்பப் பூட்டச் சொன்னேன். லேசானது போட்டால் இன்னும் சீறுமே என்றார் புது மெக்கானிக். அவசரமென்றால் நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன்.