லிஜியின் கேமரா கணக்கு

லிஜிக்கு வாய் கொஞ்சம் நீளம். குளச்சல் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களில் பெண் அவள் ஒருத்திதான். அந்த வாய் இல்லாவிட்டால் கூட்டத்தில் ஒருவனும் வழிவிட மாட்டான். அருமனையிலிருந்து கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

பக்கத்துத் தெரு ரீத்தாவின் மகள் ஷெர்லிக்குக் கல்யாணம். ரீத்தாவின் புருஷன் யேசுதாசன் கத்தாரில் அரபியின் வள்ளத்தில் மீன்பிடிக்கிறார். லீவு கிடைக்கவில்லை. மகளுக்குத் தாலி கட்டுவதை ஃபோனில் நேரலையாகப் பார்த்தால்தான் உண்டு. ஆனால் மாதா கோயிலுக்குள் வீடியோ லைட் கூடாது என்று பங்குச்சாமியார் உத்தரவு. போன கல்யாணத்தில் எவனோ போட்ட லைட்டின் சூட்டில் மணப்பெண் மயங்கி விழுந்தாள்; சாமியாரைக் குறைசொல்லவும் முடியாது. பழைய கோயில். பலிபீடத்தின் பக்கம் பட்டப்பகலிலும் மங்கல்தான்.

“லைட் இல்லாம எடுப்பியா மக்கா? அவரு தாலி கெட்டுகத காணணும், அது போதும்” என்றாள் ரீத்தா.

“பாத்துட்டு சொல்லுகேன் அக்கா.”

லிஜி புதிதாக வாங்கியிருந்தது பெரிய கேமரா, செகண்ட் ஹேண்ட். எவ்வளவு மங்கலில் படம் பிடிக்கும் என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண் அதில் எங்கேயும் இல்லை. கண்டுபிடிக்க வழி உண்டு. சாம்பல் நிற அட்டையை விளக்கின் முன் வைத்து, கேமராத் திரையில் வெளிச்சத்தைக் காட்டும் கோடு பாதி உயரத்தில் நிற்கும்வரை லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். பிறகு, அட்டைமேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரில் எண்ணை மாற்றிக்கொண்டே போனால், மீட்டரும் அதே துளை அளவைக் காட்டும் இடத்தில் நிற்பதுதான் கேமராவின் எண்.

செய்து பார்த்தாள். ஆயிரத்து அறுநூறு! எண் கூடக்கூட மங்கலிலும் படம் தெளியும். “லைட்டு ஒரு மண்ணும் வேண்டாம்” என்று ரீத்தாவிடமும் சாமியாரிடமும் சொல்லிவிட்டும் வந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கோயிலில் ஒத்திகை. லென்ஸை முழுசாகத் திறந்தும் திரையில் ஷெர்லி நின்ற இடத்தில் ஒரு நிழல்தான் நின்றது. லிஜி பையைத் துழாவினாள். சாம்பல் அட்டை உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. நிறம் சரிபார்க்க ஒவ்வொரு கல்யாணத்திலும் கேமராவுக்கு வெள்ளைத் தாள் காட்டிப் பழகிய கை, எண் பார்த்த அன்றைக்கும் வெள்ளைத் தாளையே வைத்திருக்கிறது. வெள்ளை, அந்தச் சாம்பலைவிட ஐந்து மடங்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடும்; எண்ணும் ஐந்து மடங்கு பெருத்துவிட்டது. முற்றத்து வெயிலில் அட்டையை வைத்து மறுபடி பார்த்தாள். முன்னூற்று இருபது. ரீத்தாவின் முகத்தில் எப்படி முழிப்பது?

நேரே சாமியாரிடம் போனாள். “சாமி, எனக்க கணக்கு பிழைச்சுப் போச்சு. லைட் இல்லாம ஒண்ணும் தெரியாது.”

“லைட் நடக்காது லிஜி.”

“அப்ப பிள்ளைய வெளிச்சம் உள்ள இடத்துல நிறுத்துங்க சாமி. தலைவாசல்ல. யேசுதாசன் அண்ணன் காணாட்டா நான் இந்தத் தெருவுல நடக்க முடியாது.”

சாமியார் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். “சம்மதம் பீடத்துலதான் கேப்பேன். தாலி மட்டும் அங்க.”

மறுநாள் அப்படியே நடந்தது. இது என்ன புதுப் பழக்கம் என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். ஷெர்லி கடலைப் பார்த்து வாசலில் நிற்க, லிஜி வெளியே படிக்கட்டில் நின்று எடுத்தாள்.

தாலி கட்டி முடிந்ததும் கத்தாரிலிருந்து அழைப்பு வந்தது. லிஜி முந்திக்கொண்டாள். “அண்ணா, பீடம் வரல்ல. தப்பு என்மேலதான்...”

“எல்லா வீட்டு வீடியோவுலயும் தாலி கெட்டும்போ பிள்ளைக்க முதுகுதான் தெரியும்” என்றார் யேசுதாசன். “நான் எனக்க மோளுக்க மொகத்தக் கண்டேன்.”

லிஜி ஃபோனை ஷெர்லியின் கையில் கொடுத்தாள்.