கணினி மேல் கிடந்த உறை

வட்டகொடைக்கு அருகிலுள்ள பள்ளியில் பயிற்சி ஆசிரியையாக நேற்றுச் சேர்ந்தேன். வேலை செய்யாத ஸ்மார்ட் போர்டின் உறையைக் கழற்றியதும் புழுங்கிய பிளாஸ்டிக் வாசனை வந்தது.

நான் படித்த தேயிலைத் தோட்டப் பள்ளியின் ஒரே கணினிக்கும் அதே வாசனை. கற்றுத்தர ஆளில்லாமல் மூடியே கிடந்தது. நான் தரம் ஐந்தில் இருந்தபோது, பள்ளியைப் பார்வையிடக் கல்வி அதிகாரி வந்த நாளில், எனக்குப் பிடித்த டீச்சர் என் ரிப்பனைச் சரிசெய்தார்.

"கேட்டாங்கன்னா தெனமும் கம்ப்யூட்டர் படிக்கிறோம்னு சொல்லு தங்கம்."

சொன்னேன்.

"அப்ப இங்க தனியா கம்ப்யூட்டர் டீச்சர் தேவையில்ல" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். பாராட்டு வாங்கிய டீச்சர் நகரப் பள்ளிக்கு மாறிப்போனார். நாங்கள் அந்தக் கணினியைத் தொடவே இல்லை.

"மிஸ், நாளைக்குப் பெரிய அதிகாரிங்க வர்றாங்க. ஸ்மார்ட் போர்ட் பாவிச்சுத்தான் படிக்கிறோம்னு சொல்லணும்னு புள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க" என்றார் இந்தப் பள்ளியின் அதிபர்.

"சொல்ல மாட்டேன் சார்."

"ஒங்க பயிற்சி அறிக்கையில நான்தாம்மா கையெழுத்துப் போடணும்."

"தெரியும் சார்."