இழுத்துக் கட்டிய வயர்

விமானப் பராமரிப்பில் எனக்குக் கீழே பதினோரு வருடம் வேலை பார்த்த ஒருவன், திருச்செங்கோட்டுச் சாலையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பேச வருகிறான் என்று தெரிந்த அன்று இரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டேன். பயணிகள் விமானத்தின் மின்கருவிகளைத் தண்ணீர்க் கசிவிலிருந்து காப்பது பற்றிப் பேசப் போகிறான். அதற்கான கையேட்டைப் பத்தி எண்ணோடு ஒப்பிக்கத் தெரிந்த நான் ஓய்வுபெற்று, அரை மணி நேரத் தொலைவில் சங்ககிரியில் கொய்யாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன். கல்லூரிக்காரர்கள் அவனை ஹைதராபாத்திலிருந்து டிக்கெட் போட்டு வரவழைத்தார்கள்.

அவனே ஃபோன் செய்தான். "நீங்க முன்னாடி உக்காரலீன்னா எனக்குப் பேச்சே வராதுங்ணா. அண்ணியவும் கூட்டிக்கிட்டு வாங்க."

அண்ணியைக் கூப்பிட்டதில்தான் வம்பு. என் மனைவிக்குப் பிறந்த ஊர் எடப்பாடி. அங்கே என் மைத்துனர்கள் நடுவில் எனக்கிருக்கும் மரியாதைக்கெல்லாம் ஒரே ஒரு கதைதான் ஆதாரம். யாருக்கும் பிடிபடாத ஒரு கசிவை விமானத்தில் நான் கண்டுபிடித்த கதை. கல்யாணப் பந்தியில் நானே சொல்லிப் பரப்பியது. உண்மையில் அதைக் கண்டுபிடித்தவன் இவன். மேடையில் இவன் அதைச் சொல்லிவிட்டால், பந்தியில் எனக்கு இலை போடுவார்கள், ஆனால் யாரும் என் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

நடந்தது இதுதான். அந்த வகை விமானத்தில் முன்பக்கச் சமையலறைக்கு அடியில், தரைக்குக் கீழே, மின்கருவிகளை அடுக்கிய அறை இருக்கும். மேலே காப்பி கொட்டும், ஐஸ் உருகும், குழாய் கசியும். கீழே விமானத்தின் மூளை. வடிவமைத்தவர்கள் வீட்டில் சமைத்ததில்லை போலும். ஆகவே தரைப் பலகைகளின் இடுக்குகளில் பசை பூசி நாடா ஒட்டுவோம். கருவிகளின் தலைக்கு மேல் ஒரு தகட்டுக் கூரை இருக்கும். கூரையில் விழும் நீர் வெளியேற ஒரு குழாய். இவ்வளவு இருந்தும் ஒரு விமானத்தில் மட்டும் மின் எச்சரிக்கை விளக்கு மூன்று முறை எரிந்தது. மூன்று முறையும் நான்தான் இறங்கிப் பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது, குழாயில் அடைப்பில்லை, நாடாவும் பிரியவில்லை. கையேட்டின் ஒவ்வொரு படியையும் முடித்து, கருவியை மாற்றி, கையெழுத்துப் போட்டேன்.

நான்காவது முறை அவனும் என்னுடன் வந்தான். கேன்டீனிலிருந்து ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் வாங்கி வந்து சமையலறைத் தரையில் ஊற்றினான்.

"எந்தக் கையேட்டிலயும் மஞ்சள் இல்லையே" என்றேன்.

"வரப்புல நண்டு வளை இருந்தா, தண்ணி வெளிய வர்ற எடத்த அடைச்சு என்னங்ணா பிரயோசனம்? உள்ள எங்க போகுதுன்னு பாக்கோணும்."

டார்ச்சோடு கீழே இறங்கினோம். மஞ்சள் தகட்டுக் கூரையில் விழவே இல்லை. பசையில் இருந்த மயிரிழை விரிசலில் இறங்கி, தரையைத் தாங்கும் சட்டத்தின் அடியை ஒட்டியே நான்கு முழம் ஓடி, கூரை முடிந்த இடத்தில் ஒரு வயர்க்கட்டைப் பிடித்து, அதன் வழியே கருவியின் பின்பக்க இணைப்புக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

அப்படிப் போயிருக்கக் கூடாது. வயரை இணைப்புக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டு, அங்கிருந்து மேலேற்றிச் செருக வேண்டும். வழிந்து வரும் நீர் தொங்கலின் அடியில் சொட்டிப் போய்விடும். இந்தக் கட்டில் தொங்கலே இல்லை. தறியில் பாவு பூட்டியது போல விறைப்பாக, ஒரே இடைவெளியில், ஒரே திசையில் முடிச்சுகளோடு இருந்தது. முந்தைய பெரிய பராமரிப்பில் அதைக் கட்டியவன் நான். தொங்கலைப் பற்றி மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனால் தொங்குகிற வயரைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அவன் முடிச்சுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அதைப் படமெடுத்துக்கொண்டு, முடிச்சுகளை அறுத்து, தொங்கல் விட்டுக் கட்டினான். விரிசலை அடைத்தான். பதிவேட்டில் 'வயர்ப் பாதை திருத்தப்பட்டது' என்று எழுதி நிறுத்திக்கொண்டான். அன்று ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் அவனை மன்னித்திருப்பேன்.

கல்லூரி அரங்கில் கூட்டம் நிரம்பியிருந்தது. அவன் தலையில் ஒரு நரை இல்லை. அவன் சொன்ன சுமாரான வேடிக்கைகளுக்கெல்லாம் மாணவர்கள் சிரித்தார்கள். மஞ்சள் கதை வந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தக் கசிவ நானும், இதோ முன்னாடி உக்காந்திருக்கற எங்க அண்ணனும் சேந்துதான் புடிச்சோம். மஞ்சள் யோசனையே அவருதுங்க" என்றான்.

கைதட்டினார்கள். எழுந்து கும்பிட்டேன். சால்வை போட்டார்கள். எனக்குத் தப்பித்த நிம்மதி வரவில்லை. கண்டுபிடிக்கவும் தெரிகிறது, அதைத் தூக்கி அடுத்தவனுக்குக் கொடுக்கவும் தெரிகிறது என்றால் ஒருவனுக்கே எத்தனைதான் கொடுத்து வைத்திருக்கும்?

அப்போது திரையில் அந்தப் பழைய வயர்க்கட்டின் படம் வந்தது. "கட்டுனவரு யாருன்னு தெரியலீங்க. ஆனா எவ்வளவு அழகாக் கட்டியிருக்காரு பாருங்க. அந்த அழகுதான் தண்ணிக்கு வழி காட்டுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் தேவையான அளவு சிரித்தேன்.

காரை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது சாலையில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அரங்கில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனைவி, "ஏனுங்க, மஞ்சத்தண்ணி யோசனை உங்குளுதுங்களா?" என்றாள்.

"அவன்தான் சொன்னானே."

"நம்மூட்டுல மஞ்சத்தூளு எந்த டப்பாவுல இருக்குது, சொல்லுங்க பாக்கலாம்."

ஒரு லாரியை முந்துவதில் கவனமாக இருந்தேன்.

"அப்பறம் அந்த வயரு படம். நம்ம டிவிக்குப் பின்னால கட்டி வெச்சிருக்கறீங்களே, அதே முடிச்சுங்க. ரெண்டு வெரலுக்கு ஒண்ணு."

இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை. "நான் கட்டுனதுதான். கண்டுபிடிச்சது அவன்" என்றேன்.

"நீங்க கட்டுனதுன்னு அவருக்குத் தெரியுமுங்களா?"

"அன்னைக்கே தெரியும்."

"எங்கண்ணங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டனுங்க, பயப்படாதீங்க." கொஞ்ச தூரம் போனதும் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்: "இத்தன வருசமா ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்கலியே. நல்ல மனுசன்."

முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த இரண்டு சொற்களை அவள் எனக்காகச் செலவழித்ததில்லை.

"அவனுக்கு இங்கிலீஷ் சுமார்தான்" என்றேன்.

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.