அம்மா தூக்காத பிள்ளை

மகள் பிள்ளை பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. ஒத்தக்கடை வீட்டில் நான் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். "அந்தக் கத்திய ஒளிச்சு வைம்மா. பிள்ளைய ஏதும் செஞ்சிருவேனோன்னு பயமா இருக்கு" என்று அழுதாள்.

என் சின்ன வயதில் கோரிப்பாளையத்தில் நாங்கள் இருந்தபோது, தம்பி பிறந்ததும் என் அம்மா அரிவாள்மனையைப் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவிடம் கொடுத்துவிட்டாள். தினமும் காயை முறத்தில் எடுத்துப்போய் அங்கே நறுக்கி வருவேன். தம்பியை அம்மா தூக்கவே மாட்டாள். புட்டிப்பால் புகட்டியதும் நான்தான். "பெத்தவளுக்கு இம்புட்டு கல்நெஞ்சா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மறுநாளே மகளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நெடுநேரம் விசாரித்துவிட்டு அவர் சொன்னார்: "வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வர்ற நோய் இது. பிள்ளை மேல உள்ள பிரியத்துலதான் இம்புட்டுப் பயம். மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு. சரியாயிரும்."

சில மாதங்களில் மகள் தானே பிள்ளையைக் குளிப்பாட்டினாள். அன்று தம்பிக்குப் போன் செய்து, அம்மா அரிவாள்மனையைக் கொடுத்துவிட்டது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இறந்த பிறகும் அவள் பேச்சையே எடுக்காதவன் அவன்.

"அம்மா கல்லறைக்குப் போகணும்க்கா. நாளைக்கு வாரேன்" என்றான்.