நவமியன்று நாற்பத்திரண்டு

திருப்பருத்திக்குன்றத்துக் குந்துநாத நயினார் நடந்தால், கூட வருகிறவர்கள் ஓட வேண்டும். பெரிய காஞ்சிபுரம் போய் விதைநெல் விசாரித்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நடந்தே வீடு திரும்பிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனை அறுபத்தாறாம் வயதில் நீரடைப்பு வந்து மடக்கிப் போட்டது. சென்னையில் சோதித்துப் பார்த்து, புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். பெண்களுக்குரிய ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தார்கள். அது எழுபத்திரண்டாம் வருஷம்.

மாத்திரை கேட்டது. இடுப்பு வலி போயிற்று. கூடவே மார்பு லேசாகப் புடைத்தது. சவரக் கத்திக்கு வேலை குறைந்தது. நயினாருக்கு மானமே போய்விட்டது. மாத்திரை டப்பாவை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். நாற்பத்தைந்து வருஷம் கூடவே குடித்தனம் செய்தவளிடம் எதை மறைக்க முடியும்? ஆனால் மனைவி மதனவதி கெட்டிக்காரி. ஒன்றும் தெரியாதவள் போலவே இருந்துவிட்டாள்.

சில மாதத்தில் கால் வீங்கியது. காஞ்சிபுரத்து டாக்டர் இருதயத்துக்கு என்று, துடிப்பை நிதானமாக்குகிற மாத்திரை தினம் ஒன்று சேர்த்தார். அதுவும் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. அதற்கப்புறம்தான் நாடி தளர்ந்தது. நயினார் பத்தடி நடந்து, நின்று, வானத்தைப் பார்ப்பது போலப் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

கம்பவுண்டர் தேவசகாயம் மதனவதிக்கு மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணக் கற்றுக்கொடுத்தார். "ஐம்பதுக்குக் கீழ போச்சுன்னா உடனே சொல்லுமா. மயங்கி விழுந்தாருன்னா அப்பறம் எழுப்ப முடியாது."

அன்று முதல் அவளுக்குத் தூக்கம் போயிற்று. தினமும் காலையில் அவர் கஞ்சி குடித்து முடித்து ஒரு மணி நேரம் கழித்து எண்ணுவாள். எண்ணியதைக் கிழிக்கிற காலண்டரின் அன்றைய தாளிலேயே எழுதுவாள். ஐம்பத்து நாலு, ஐம்பத்தஞ்சு என்று ஒழுங்காக வரும். திடீரென்று ஒருநாள் நாற்பத்திரண்டு. அன்றைக்கு நயினார் கிணற்றடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டாக்டருக்கும் காரணம் புரியவில்லை.

ஒரு மாதத் தாள்களை மதனவதி ஒருநாள் கூடத்தில் பரப்பினாள். நாற்பத்துச் சொச்சம் எழுதியிருந்த தாள்களை மட்டும் பொறுக்கினாள். நவமி. அமாவாசை. நவமி. பௌர்ணமி. நாலும் பட்டினிக்கு மறுநாள். சமண நோன்பு என்று அஷ்டமிக்கும் சதுர்த்தசிக்கும் நயினார் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

"ஏங்க, பட்டினி அன்னிக்கி மாத்திரைய இன்னா பண்றீங்க?"

"தண்ணியே குடிக்காதவன் மாத்திரைய எப்படி முழுங்குவேன்? மறுநாள் ரெண்டாப் போட்டுக்குவேன்." நியாயஸ்தர் தோரணையில்தான் சொன்னார்.

மதனவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரெண்டு மாத்திரை சேர்ந்துதான் நாடியை அடக்கியிருக்கிறது.

விஷயத்தைக் கேட்ட டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஐம்பத்து நாலோடு மெதுவாக நடந்து, மெதுவாக வாழலாம். ஆனால் மாத்திரை தினம் ஒன்று, தண்ணீரோடு, பட்டினி கூடாது. நயினார் மசியவில்லை. "பன்னெண்டு வயசுலருந்து இருக்கறேன். அத்த விட்டுட்டு உயிர வச்சிக்கினு இன்னா பண்றது?"

மதனவதி வாதாடவில்லை. அவளோ பசி தாங்காதவள். கல்யாணமான வருஷம் ஒரே ஒரு பட்டினி இருந்து, உச்சிவேளையில் ஒளிந்து வெல்லம் தின்று பிடிபட்டவள். அதைச் சொல்லிச் சொல்லியே நயினார் இத்தனை வருஷம் சிரித்திருக்கிறார்.

அடுத்த அஷ்டமி வந்தது. காலையில் குளித்துவிட்டு, கஞ்சியையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க குடிங்க. இன்னிக்கிப் பட்டினி என்னுது."

"உன்னால ஆவாது மதனா. முடிஞ்சாலும் பிரயோஜனமில்ல. அவங்கவங்க வினை அவங்கவங்களுக்குத்தான். எனக்காக நீ இருக்க முடியாது."

"உங்களுக்காக யாரு இருக்கறா? எனக்காக இருக்கறேன். நீங்க இல்லாத வீட்டுல நான் உக்காந்துக்கினு இருக்க வேணாம்னு இருக்கறேன்."

நயினார் சொம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினார். கஞ்சியும் இறங்கியது.

மூன்று மணிக்கு மதனவதி துவண்டு தூணில் சாய்ந்துவிட்டாள். சமையலறைப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. நயினார் மெதுவாக நடந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து மணிக்கட்டில் விரல் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தவருக்கு எண்ணிக்கை தவறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"எண்பத்தாறு" என்றார். எழுந்து போய், அஷ்டமித் தாளில் தன் ஐம்பத்து மூன்றுக்குக் கீழே அதையும் எழுதினார்.

திரும்பி வந்து அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே நீயே எடுத்துக் குடு."

மதனவதி எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே என்னென்ன இருக்கும் என்று அவளுக்கு எப்போதோ தெரியும். இருந்தாலும் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவள் போல எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, அப்படியே திருப்பி வைத்தாள். பெட்டியைப் பூட்டவில்லை.