சாமி அறைச் செம்பு

பூச்சோங்கில் எங்கள் அடுக்குமாடியில் கொசு பரப்பும் டிங்கிக் காய்ச்சலுக்கு முதலில் போனவர் என் கணவர்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில்கூட, வழக்கம்போல் சாமி அறைச் செம்பில் அவர்தான் தண்ணீர் நிரப்பி வைத்தார். அவர் கைபட்ட கடைசித் தண்ணீர். அதைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் படத்துக்கு முன்னால் அப்படியே வைத்துவிட்டேன்.

கோபத்தை யார்மீதாவது காட்ட வேண்டுமே. பக்கத்து வீட்டு மாலதி வாசலில் பூச்சட்டிகள் வைத்திருந்தாள். "உன் சட்டித் தண்ணிதாண்டி என் புருஷனைக் கொன்னுச்சு" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அழுதுகொண்டே எல்லாச் சட்டிகளையும் குப்பையில் போட்டாள்.

சில வாரங்களில் அவள் மகளும் அதே காய்ச்சலோடு ஐசியூவில் கிடந்தாள். சுகாதார இலாகா அதிகாரி வீடு வீடாகச் சோதிக்க வந்தார்.

"பூட்ஸோட சாமி ரூமுக்குப் போகாதீங்க" என்றேன்.

கழற்றிவிட்டுப் போனவர் செம்புக்குள் டார்ச் அடித்தார்.

"அக்கா, இங்க பாருங்க லா. முழுக்கக் கொசுப்புழு."

மாலதி என் வாசலில் நின்றிருந்தாள். அதிகாரி செம்பைக் கையில் எடுத்தார்.

"கொட்டாதீங்க, அது அவரு தண்ணி!" என்று பாய்ந்து பிடித்துக்கொண்டு கதறினேன்.

மறுநாள் அந்தப் பிள்ளை போய்விட்டது. மாலதி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தன் மகள் சாகக் கிடந்தபோது, நான் எதற்காக அழுதேன் என்பதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.