ஊசியம்மா வண்டி பார்த்த கதை

ஊசியம்மா வண்டியிலிருந்து விழுந்து சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவள் வண்டி வாங்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர்கள் எல்லோரும், அவள் விழுவாள் என்றுதான் சொன்னார்கள். விழவில்லை. பல வருடம் ஓட்டினாள். பிறகு வேறு ஒரு நோய் வந்தது. அதைப் பற்றி எழுத இங்கே எதுவும் இல்லை. எழுத இருப்பது, அவள் வண்டி வாங்கிய வாரம்.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் சம்பளம். விடிந்தும் விடியாமலும் நீலப் பெட்டியில் பனிக்கட்டிப் பைகளை அடுக்கி, அதன் மேல் குழாய்களை வைத்துக்கொண்டு முதல் பஸ் ஏறுவாள். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவாள். கிழவர்களின் நரம்பு தோலுக்கடியில் நழுவி ஓடும். "பார்றா, மாப்பிள்ளை பார்க்க வந்தப்ப பொண்ணு ஒளியற மாதிரி ஒளியறதை" என்று இரண்டு விரலால் தட்டுவாள். கிழவர் சிரித்து முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய்க் குழாய் நிரம்பியிருக்கும்.

அவளுக்கு அந்த வேலையில் பிடித்தது ஊசி அல்ல. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கும் தெருதான். அந்தத் தூரத்தில் அவளை யாரும் எதுவும் கேட்க முடியாது. கணவர் இருந்தவரை அவர் கேட்டார். அவர் போனபின் அண்ணன் கேட்டார். தெருவில் மட்டும் அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஊரின் மறுகோடிக்குப் போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வியாழக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

"அம்மா, இனிமே வண்டி வெச்சிருக்கவங்களுக்குத்தான் வீட்டு விசிட். நீங்க திங்கள்லேர்ந்து உள்ளயே இருங்க. லேபிள் ரூம். உட்கார்ந்த வேலை, ஏசி."

"ஜன்னல் இருக்கா சார்?"

"லேபிள் ஒட்ட எதுக்கும்மா ஜன்னல்?"

"சும்மா கேட்டேன். திங்கள்கிழமை நான் வண்டியோட வரேன்."

"என்ன வண்டி?"

"ரெண்டு சக்கரம் இருக்கும் சார். அது போதுமில்ல?"

அவளிடம் வண்டி இல்லை. லைசென்ஸ் இருந்தது. கணவர் ஒருமுறை, "உனக்கு பேலன்ஸே வராது" என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரித்தார். அந்த வீம்புக்காகவே கற்றுக்கொண்டு எடுத்தது. அவருடைய வண்டியை அவர் தொடக்கூட விடவில்லை என்பதால் லைசென்ஸ் பீரோவில் புடவைக்கடியில் கிடந்தது.

அன்று சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு அண்ணன் வந்தார். கட்டடக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். ஒரு ஆணி வெளியே போனாலும் கையெழுத்து கேட்பவர். தங்கையையும் அப்படித்தான் வைத்திருந்தார்.

"ஐம்பத்தாறு வயசுல எவளாவது வண்டி ஓட்டுவாளா? விழுந்தா எலும்பு கூடுமா?"

"ஐம்பத்தாறு வயசுல பஸ் படியில தொங்கினேனே, அப்ப எங்க போயிருந்தே?"

"வீட்டுல உட்காரு. நான் இல்லையா?"

"நீ இருக்கே அண்ணே. அதான் வெளியே போறேன்."

பக்கத்தில் நின்ற மகள் சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் போனாள். பம்ப் செய்யும் தொழிற்சாலையில் அவள் தரப் பரிசோதகர். அளவு தப்பிய பாகத்தில் சிவப்புச் சீட்டு கட்டித் தூர வைப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். புது வண்டி தவணையில் வாங்கித் தருவதாக அவள் சொன்னாள்.

"வேணாம். நீ வாங்கினா அது உன் வண்டி. எங்க போனே, எப்ப வருவேன்னு சாவியோட சேர்த்துக் கேள்வியும் தருவே. எனக்கு என் கைக்கு எட்டினதே போதும்."

கைக்கு எட்டியது, தெருமுனை சலூன்காரரின் பழைய பச்சை மொபெட். பெரிய வண்டி வாங்கியபின் அதைக் கடை வாசலில் நிறுத்தி, கண்ணாடியில் துண்டு காயப்போட்டு வைத்திருந்தார்.

"சாயந்தரம் வாங்கக்கா, ஓட்டிக் காட்டறேன்" என்றார்.

"சாயந்தரம் வேணாம். காலையில கடை திறக்கறதுக்கு முன்னால வரேன். அதுக்கு முன்னாடி நீங்க ஸ்டார்ட் பண்ணவே கூடாது. வெறும் வயித்துல பார்க்கணும்."

"வண்டிக்கா?"

"ஒரு டீ குடிச்சிட்டு வந்தாக்கூட ரிசல்ட் மாறிடும். எனக்குத் தெரியாத ஆளுங்களா?"

வெள்ளிக்கிழமை விடிகாலை தாயும் மகளும் போனார்கள். வண்டி பெடலை மிதிக்க மிதிக்க இருமிற்று, அடங்கிற்று, மறுபடி இருமிற்று, பிறகு பிடித்துக்கொண்டது. ஊசியம்மா தலையசைத்தாள். "பரவாயில்லை. நானும் காலையில அப்படித்தான் எழுந்திருக்கறேன்."

மகள் குனிந்து பார்க்கத் தொடங்கினாள். சக்கரத்தை ஆட்டினாள், செயினை விரலால் தூக்கினாள், பின்பக்கத்தைக் கைகளால் அழுத்திவிட்டாள். வண்டி மெத்தென்று எழும்பாமல் கட்டையாக நின்றது.

"பிரேக் கட்டை தேஞ்சிருக்கு, மாத்திடலாம். கேபிள் மாத்திடலாம். ஆனா பின்னாடி ஷாக் அப்சார்பர் செத்துப் போச்சும்மா. இந்த மாடலுக்கு இப்ப கிடைக்காது. நானா இருந்தா ரிஜெக்ட்."

"உன் மெஷின்ல என்னைத் தூக்கி வெச்சா நான் பாஸாவேனா?"

"நீ விழறதைப் பத்தி நான் சொல்லலை. பெட்டி பின்னாடி கேரியர்லதானே இருக்கும்? குலுங்கினா உன் ரத்தம் என்ன ஆகும்?"

ஊசியம்மா கேரியரைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் சொன்னதெல்லாம் பயம். இது பயமல்ல, விஷயம்.

குழாயிலுள்ள ரத்தத்தை முரட்டுத்தனமாகக் குலுக்கினால் அதன் அணுக்கள் உடைந்துவிடும். மெஷினில் சுழற்றியபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர் அப்போது இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தக் குழாயை வைத்து எதையும் நம்பிச் சொல்ல முடியாது. மறுபடி அந்த வீட்டுக்குப் போய், மறுபடி பட்டினி போட்டு, மறுபடி குத்த வேண்டும். பைக்கில் பறக்கும் பையன்களின் குழாய்கள் அப்படித் திரும்பி வந்ததுண்டு. அவளுடையது வந்ததில்லை. பஸ்ஸில் பெட்டியைப் பச்சைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருபவள் அவள்.

செய்தி எப்படியோ அண்ணனுக்கு எட்டியது. மத்தியானமே வந்துவிட்டார். "பார்த்தியா, படிச்ச பொண்ணே வேணாங்குது."

"வேணாம்னு சொல்லலை மாமா. குலுங்கும்னு சொன்னேன்" என்றாள் மகள்.

"குலுங்குதா இல்லையான்னு ரத்தத்தையே கேட்டுட்டாப் போச்சு" என்றாள் ஊசியம்மா.

சனிக்கிழமை காலை அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துத் தன் இடது கையில் கட்டினாள். தன் கையில் தானே குத்திக்கொண்டாள். ஒரே குத்தில் இரண்டு குழாய். ஒன்று வண்டியில் போகட்டும், இன்னொன்று நடந்து வரட்டும், அப்போதுதான் குற்றம் ஊசியுடையதா வண்டியுடையதா என்று தெரியும் என்றாள் மகள். அவளுடைய தொழிற்சாலையில் அதுதான் வழக்கம். காலையிலேயே வந்திருந்த அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சலூன்காரரிடம் வண்டியை இரவல் வாங்கிக் கேரியரில் பெட்டியை இறுக்கிக் கட்டினாள். மறுகோடி வரை, பள்ளம் மேடு ஒன்றையும் தவிர்க்காமல், நோயாளிகள் இருக்கும் தெருக்களில் எல்லாம் ஓட்டிவிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள். மகள் மற்றக் குழாயைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தே வந்தாள். மெஷின் ஓட்டும் பெண் ஊசியம்மாவின் தோழி. இரண்டையும் சேர்த்துச் சுழற்றி எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

நடந்து வந்தது மஞ்சள். வண்டியில் வந்தது ரோஜாப்பூ நிறம்.

தோழி குழாய்களைத் தாங்கியில் வைத்தாள். "லேபிள் ரூம் ஒண்ணும் அவ்வளவு மோசமில்லைடி" என்றாள்.

"நீ உன் வேலையைப் பாரு."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முகத்தில் ஒரு கல்யாணக்களை. "அப்புறம்? ரத்தம் என்ன சொல்லிச்சு?"

"கேரியர் சரியில்லைன்னு சொல்லிச்சு. வண்டியைப் பத்தி இன்னும் வாய் திறக்கலை."

"ஏட்டிக்குப் போட்டி பேசாதே."

"பஸ்ல கடைசி சீட்ல உட்கார்ந்திருக்கியா அண்ணே? தூக்கித் தூக்கிப் போடும். நடு சீட்ல உட்கார்ந்தா கொறட்டை விடலாம். நான் பெட்டியைக் கடைசி சீட்ல உட்கார வெச்சுட்டேன்."

மகள் எழுந்து போய் வண்டியின் நடுவில், சீட்டுக்கும் கைப்பிடிக்கும் இடையிலிருந்த காலி இடத்தை அளந்தாள். அங்கே பெட்டியைக் கால் வைக்கும் தட்டில் வைத்தாலும் இன்ஜின் அதிர்வு ஏறும். தட்டில் படக் கூடாது, தொங்க வேண்டும். பழைய சைக்கிள் டியூபை வாங்கி வந்து கத்தரித்து, பெட்டியைத் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டாள். இரண்டு பக்கமும் ஆடாதிருக்கப் பஞ்சு மெத்தைத் துண்டை வைத்தாள். முட்டிக்கும் பெட்டிக்கும் ஒரு கை இடைவெளி இருக்கிறதா என்று அம்மாவை உட்காரவைத்துப் பார்த்தாள். முதலில் கட்டியபோது முட்டி இடித்தது. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

ஞாயிறு விடிந்ததுமே அண்ணன் வந்து நின்றார். ரப்பர் பட்டையை எடுத்தபோது ஊசியம்மா தன் கையைப் பார்த்தாள். முந்தின நாள் குத்திய இடம் கன்றிப்போயிருந்தது. மகள் கையை நீட்டினாள். அம்மா அதைத் தள்ளிவிட்டாள்.

"அண்ணே, நீ உட்காரு."

"நான் எதுக்கு?"

"வேணாம்னு சொல்றது நீதானே? என் ரத்தம்னா எனக்குச் சாதகமாப் பேசும். உன் ரத்தம் உன் பக்கம்தானே பேசும்? அதுவே நல்லா இருக்குன்னு சொல்லட்டும்."

"காலையில இன்னும் டீ கூட குடிக்கலை…"

"அதைவிட வசதி உண்டா?"

ஸ்டோரில் இரும்புக்கம்பி எண்ணும் மனிதர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "முருகா" என்றார். அந்த ஒரு சொல் முடிவதற்குள் இரண்டு குழாயும் நிரம்பின.

அதே தெருக்கள், அதே பள்ளங்கள். இந்தத் தடவை பெட்டி அவள் முட்டிகளுக்கு முன்னால் மெல்ல அசைந்துகொண்டு வந்தது. ஒரு குழியில் அவளே சீட்டைவிட்டு எழும்பி விழுந்தாள். பெட்டி குலுங்கவில்லை. தோழி இரண்டு குழாய்களையும் சுழற்றித் தூக்கிப் பிடித்தபோது எது நடந்து வந்தது, எது வண்டியில் வந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே மஞ்சள். எடுத்ததை வீணாக்குவானேன் என்று அண்ணனின் சர்க்கரையையும் பார்த்துவிட்டாள்.

வீட்டில் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வண்டி நல்லா இருக்கு" என்றாள் ஊசியம்மா. "நீதான் சரியில்லை. சர்க்கரை எகிறியிருக்கு. நாளைக்கே டாக்டரைப் பாரு."

அவர் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "சரி, வாங்கித் தொலை" என்றார்.

"உன்னை யாரு அனுமதி கேட்டா? இனிமே வாராவாரம் உன் ரத்தம் எடுக்க வரணும். அதுக்காவது வண்டி வேணுமில்ல?"

அன்றே சலூன்காரரிடம் பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கினாள். அவர் கண்ணாடியில் மறுபடி காயப்போட்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் வாசலுக்கு வந்து பச்சை வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தொட்டிலைக் குனிந்து பார்த்தார். "பழசாச்சே. குலுங்குமே அம்மா" என்றார். அவள் முந்தின நாள் சுழற்றிய இரண்டு குழாய்களை அவர் கையில் வைத்தாள்.

"இதுல எது இந்த வண்டியில வந்தது, சொல்லுங்க சார்."

அவர் வெளிச்சத்தில் பிடித்து, மாற்றிப் பிடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். "இப்படியெல்லாம் ரூல் கிடையாதும்மா. லேபிள் ரூமுக்கு உங்க பேரைப் போட்டாச்சு. கொஞ்ச நாள் அங்க இருங்க, பார்ப்போம்."

"நீங்க வண்டி இருந்தா விசிட்னு சொன்னீங்க. வண்டி இருக்கு. பார்க்க வேண்டியதை நான் பார்த்துட்டேன். பேரை அடிச்சிடுங்க சார், இல்லேன்னா அந்தப் பேர்ல வேற யாரையாவது உட்கார வைங்க."

உள்ளே போய், மேசை மேல் கிடந்த மறுகோடி வீடுகளின் சீட்டுகளை அவளே எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. அந்தக் கோடிக்குப் போக அன்று வேறு ஆளும் இல்லை.

ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கிற்று. பின்னால் வந்த பைக் பையன் ஹாரன் அடித்தான். அவள் ஒதுங்கவில்லை. அவன் சுற்றிக்கொண்டு போனான்.

கடைசித் தெருவில், பஸ் நின்றுபோனதிலிருந்து யாரும் எட்டிப் பார்க்காத ஒரு வீடு. கதவைத் திறந்த கிழவர் அவளைப் பார்த்துத் திகைத்தார்.

"பஸ்தான் இல்லையேம்மா?"

"பஸ்ஸா உங்களுக்கு ரத்தம் எடுத்துக்கிட்டிருந்தது?" என்று கேட்டபடி செருப்பைக் கழற்றினாள் ஊசியம்மா.